ரெண்டுகால் மேசை

ஹயாத் பாஷா புளுகுவது சுவருக்கு அந்தப் பக்கம். அக்தர் பேகம் பல்லைக் கடிப்பது இந்தப் பக்கம். அவருக்கு வாழ்க்கைப்பட்டு அவள் பொம்மிடிக்கு வந்த நாளிலிருந்து இதுதான் நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கம் என்றால் முன்கூடம். சித்தேரி மலையிலிருந்து இறங்கும் புளியும் கடுக்காயும் தேனும் ஹயாத் பாஷாவின் கிடங்கில்தான் வந்து விழும். அங்கிருந்து ரயில் ஏறும். அதனால் கூடத்தில் ஆள் இல்லாத நேரம் குறைவு. புளி வாங்க வந்தவர், கடுக்காய் வாங்க வந்த தோல் வியாபாரி, ஸ்டேஷன் மாஸ்டர், போஸ்ட் மாஸ்டர் என்று யாராவது உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் என்றால் அக்தர் பேகத்தின் அறை. கோஷா வீடு. அவள் குரல்கூடக் கூடத்துக்குக் கேட்கக் கூடாது என்பது ஹயாத் பாஷா போட்ட சட்டம். கூடத்துப் பேச்சு அவள் காதில் விழக் கூடாது என்று மட்டும் அவர் சட்டம் போடவில்லை. அவர் அடித்துவிடுவதெல்லாம் ஒரு சாண் கனச் சுவரைத் தாண்டி அவள் காதுக்குள் வந்து இறங்கும்.

அந்தச் சுவரில்தான் அவளுடைய மேசை நின்றது. அந்தப் பக்கம்.

அவளுடைய மேசை. இதை அழுத்தித்தான் சொல்லவேண்டும். ஏனென்றால் பொம்மிடியில் ஒருவருக்கும் அது தெரியாது.

அவளுடைய அப்பா சுபான் சாகிப் பெங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டில் சாரட்டு வண்டிகளுக்கும் சோபாக்களுக்கும் மெத்தை தைத்தவர். எந்த வெள்ளைக்காரன் வீட்டில் எந்தச் சாமான் இருக்கிறது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு கர்னல் ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாமானை ஏலம் விட்டார். சோபா, கட்டில் எல்லாம் போனபிறகு ஒரு மேசை மட்டும் நின்றது. நின்றது என்பதுகூடத் தப்பு. சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்னால் இரண்டு கால்தான். பின்னால் கால் கிடையாது. மேலே வெள்ளைச் சலவைக்கல். கால்கள் மேலே முன்னால் வயிறு தள்ளி, கீழே போகப் போகச் சுவர்ப் பக்கம் உள்ளே வளைந்து, பாதம் சுவரடியில் வந்து நிற்கும். சுவர் பிடித்துக்கொண்டால் ராணி மாதிரி நிற்கும். சுவர் விட்டால் குப்புற விழும். ஏலத்துக்கு வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். சுபான் சாகிப் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதுக்குப் பேரு கன்சோல்" என்று அவர் மகளுக்குச் சொன்னார். வெள்ளைக்காரர்களுக்கு இரண்டு ஜன்னலுக்கு நடுவில் வெறும் சுவர் இருந்தால் பொறுக்காதாம். அங்கே ஒரு நிலைக்கண்ணாடியை மாட்டி, அதற்கடியில் இப்படி ஒரு மேசையை ஒட்டவைப்பார்களாம். அந்தக் காலத்து ராஜா மாளிகைகளில் சுவரோடு சேர்த்தே செய்ததாம். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் பின்னங்கால் வைக்கவில்லை. அதில் சாப்பிட மாட்டார்கள், எழுத மாட்டார்கள். ஒரு விளக்கு, ஒரு பூச்சாடி, உள்ளே வந்தவன் கழற்றிய தொப்பி, வந்துபோனவர் பெயர்ச்சீட்டைப் போட ஒரு வெள்ளித் தட்டு. அவ்வளவுதான் அதற்கு வேலை.

சுபான் சாகிப் வீட்டில் அதற்கு வேறு வேலைகள் கிடைத்தன. அக்தர் அதன்மேல் துணி வெட்டினாள். ரம்ஜானுக்கு முன்னால் அந்தக் கல்லில் சேமியா தேய்த்து உலர்த்தினாள். கல் கோடையிலும் ஜில்லென்று இருக்கும். கன்னத்தை வைத்துத் தூங்கியும் இருக்கிறாள். வீடு மாற்றும்போது அப்பா சுவரிலிருந்து அதைக் கழற்றுவார். "புடிச்சுக்கோ, அக்தர், புடிச்சுக்கோ, மூஞ்சி மேல விழும்" என்று கத்துவார். அவள் இரண்டு கையாலும் தாங்கி நிற்பாள். கல்யாணத்துக்குச் சீராக அதைத்தான் கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே ரயிலேற்றிவிட்டார். மறு வருஷம் அவர் மௌத்தாகிவிட்டார். அப்பாவிடமிருந்து அவளுக்கென்று மிஞ்சியது அந்த மேசை ஒன்றுதான்.

ஹயாத் பாஷா அதைப் பார்த்ததும் முதலில் முகத்தைச் சுளித்தார். ரெண்டுகால் மேசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிறகு ஏதோ வேலையாக ஏர்க்காட்டுக்குப் போனவர், ஒரு தோட்டத்துத் துரையின் பங்களாவில் இதே மாதிரி ஒன்று நிற்பதைப் பார்த்துவிட்டார். வந்ததும் வராததுமாக மேசை அக்தர் அறையிலிருந்து கூடத்துக்குப் போனது. ரயில்வேயில் ஃபிட்டர் வேலை பார்த்த சவுரியப்பன் வந்து சுவரில் இரண்டு துளை போட்டு, இரண்டு நீளப் போல்ட்டு விட்டு முடுக்கினான்.

"நட்ட எந்தப் பக்கம் வெக்கிறதுங்க, பாய்?" என்று சவுரியப்பன் கேட்டான்.

"உள்பக்கம் வைய்யி. கூடத்துல இரும்பு தெரியக் கூடாது. பாக்கறவங்களுக்கு அது தன்னால நிக்கிற மாதிரி இருக்கணும்."

அப்படித்தான் அக்தர் அறையின் வெள்ளைச் சுவரில் இரண்டு இரும்பு முனைகள் நீட்டிக்கொண்டு வந்தன. முனைக்கு ஒன்றாக, இரண்டு காது வைத்த நட்டு, கையாலேயே திருகலாம். மேசை கூடத்துக்கு, நட்டு அவளுக்கு. அவள் பங்குக்கு வந்த சீர் அந்த இரண்டு நட்டுதான். ஒன்றில் தஸ்பீஹ் மணிமாலையை மாட்டினாள், இன்னொன்றில் தொழுகைத் துப்பட்டியை. துரு துப்பட்டியில் ஏறாமல் இருக்க அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தாள்.

பிறகு ஆரம்பித்தது புளுகு. முதலில் "பெங்களூர் ஏலத்துல நானே எடுத்தேன்" என்றார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஏலம் என்பது உண்மை. அடுத்து ஒரு பெரிய அதிகாரி ஊருக்குப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, 'ஹயாத் பாஷா, இது உன்கிட்டதான் இருக்கணும்' என்று கண்கலங்கிக் கொடுத்ததானது. அதற்கப்புறம் கப்பலில் லண்டனிலிருந்து வந்தது. ஒரு தோல் வியாபாரி வாயைப் பிளந்து கேட்கவும், ஏதோ ஒரு நவாபின் அந்தப்புரத்தில் நின்றது என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டார். மெத்தை தைத்த சுபான் சாகிப் மட்டும் ஒரு கதையிலும் வரவில்லை. மெத்தை தைக்கிறவன் கொடுத்த சாமான் என்றால் பெருமையா வரும்?

"எங்கப்பா குடுத்ததுன்னு சொன்னா உங்க வாய் வெந்துடுமா?" என்று அக்தர் பலமுறை கேட்டிருக்கிறாள்.

"ஆம்பளைங்க நூறு பேசுவோம். சுவத்துல காத வெச்சுக்கிட்டு கேக்காத" என்பார் அவர்.

அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிப்போகும். அவர் முகத்தைக் கோணிக்கொண்டு சாப்பிடுவார். எதனால் என்று கேட்கிற அளவுக்கு அவருக்கு மூளை போகாது.

ஹிட்லர் சண்டை வருவதற்கு முந்தின வருஷம் ஹயாத் பாஷாவுக்கு வெள்ளைக்காரச் சர்க்கார் கொடுக்கும் கான் சாகிப் பட்டத்தின்மேல் ஆசை வந்துவிட்டது. இருமுகிறபோதுகூட கான் சாகிப் மாதிரி இருமினார். ஏர்க்காட்டுத் தோட்டத்துத் துரைக்கு மேலிடத்தில் செல்வாக்கு உண்டு, அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். துரையையும் துரைசானியையும் வீட்டுக்கு டீக்குக் கூப்பிட்டார். துரைசானி கூடத்துக்குள் நுழைந்ததும் மேசையைத்தான் பார்த்தாள். கல்லைத் தடவினாள். காலின் வளைவைக் குனிந்து பார்த்தாள். அவர்கள் பங்களாவில் இருப்பதற்கு இது சரியான ஜோடி என்று துரையிடம் சொன்னாள். அவ்வளவுதான், ஹயாத் பாஷா எழுந்து நின்று, "எடுத்துக்கோங்க, மேடம்! அடுத்த வெள்ளிக்கிழம தொழுக முடிஞ்சதும் வண்டியில ஏத்தி அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டார். விலை கேட்டாள் துரைசானி. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

சுவருக்கு இந்தப் பக்கம் தஸ்பீஹ் மணி அக்தர் கையிலேயே நின்றுவிட்டது.

அவர்கள் போனதும் அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அவள் வாசற்படியிலேயே மறித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உன்கிட்ட என்ன கேக்கறது?"

"அது என் சீர். சீரு பொம்பளைக்குச் சொந்தம், புருஷன்கூட கேக்காம தொடக் கூடாதுன்னு ஹஜ்ரத் பள்ளிவாசல் பயான்ல சொன்னாரே, நீங்க முன்வரிசையிலதானே உக்காந்திருந்தீங்க?"

"இந்த வூட்டுல இருக்கறதெல்லாம் யாருது? இந்தச் செவுரு யாருது? கூர யாருது? எனக்குப் பட்டம் வந்தா உனக்குப் பெரும இல்லையா?"

"பெரும எனக்கு வாணாம். ஒரே ஒரு வார்த்த போதும். 'இது என் வூட்டுக்காரிக்கு அவங்கப்பா குடுத்தது, அவ சம்மதத்தோட தரேன்'னு அந்தத் துரைசானிகிட்ட சொல்லுங்க. நானே தொடச்சுத் தரேன். சொல்லுவீங்களா?"

ஹயாத் பாஷா விழுந்து விழுந்து சிரித்தார். கோஷாப் பொம்பளையின் பேரைக் கூடத்தில், வெள்ளைக்காரன் முன்னால் எடுப்பதா? அதுவும் மெத்தைக்காரர் கதையைச் சொல்வதா? போகிற போக்கில், "பைத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். சிரித்ததுதான் அவளுக்கு ஆறவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. வேலைக்கு வரும் சின்னபொண்ணு இருவருக்கும் நடுவில் நின்று, "அய்யா சோறு கேக்கறாருங்க", "அம்மா சட்டியில இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க" என்று ஓடிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கூடம் நிறைந்துவிட்டது. துரை, துரைசானி, ஸ்டேஷன் மாஸ்டர், போஸ்ட் மாஸ்டர். மேசையைத் தூக்க கிடங்கில் மூட்டை சுமக்கும் காளியனும் செல்லனும் வந்திருந்தார்கள். வாசலில் வைக்கோல் பரப்பிய வண்டி. ஹயாத் பாஷா நவாப் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். இந்த முறை அதில் ஒரு யானையும் வந்தது. பூச்சாடியையும் விளக்கையும் அவரே எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "தூக்குங்கடா" என்றார்.

காளியனும் செல்லனும் இழுத்தார்கள். மேசை அசையவில்லை. மறுபடி மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். சுவர்தான் லேசாக முனகியது.

"இது எங்கியோ புடிச்சிருக்குதுங்க, பாய்" என்றான் காளியன்.

அப்போதுதான் ஹயாத் பாஷாவுக்கு நட்டு ஞாபகம் வந்தது. அது தன்னால் நிற்கிறது என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி, அவரே அதை நம்பிவிட்டிருந்தார். துரையைப் பார்த்து ஒரு இளிப்பு இளித்துவிட்டு, திரையை விலக்கி உள்ளே போனார். அக்தர் அறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

வீட்டுக்குள் அவர்கள் பேசுவது உருது. அவர் கதவிடுக்கில் வாயை வைத்து உருதுவில் குசுகுசுவென்று சொன்னார்: கதவைத் திற, ஆட்கள் காத்திருக்கிறார்கள், மானம் போகிறது.

அக்தர் தமிழில் பதில் சொன்னாள். கூடத்தில் இருக்கிற ஊர்க்காரர் அத்தனை பேருக்கும், காளியனுக்கும் செல்லனுக்கும் புரிகிற தமிழில், வாய்விட்டு, உரக்கச் சொன்னாள்.

"யாரு மேசைன்னு சொல்லுங்க. நட்டக் கழட்டறேன்."

ஹயாத் பாஷாவின் வீட்டுப் பெண் குரலை அன்றைக்குத்தான் பொம்மிடி முதல்முறையாகக் கேட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் டீக் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். துரைசானி என்ன என்று கேட்டாள். போஸ்ட் மாஸ்டர் ஒன்றுமில்லை என்றார்.

"மெதுவாப் பேசு!" அவர் கதவை இடித்தார்.

"மெதுவாப் பேசித்தான் இத்தன வருஷம் போச்சு. ஏலம்னு சொன்னீங்க, கேட்டேன். லண்டன்னு சொன்னீங்க, கேட்டேன். நவாபுன்னு சொன்னீங்க. யானையும் வந்தாச்சு. எங்கப்பன் எங்கங்க போனாரு? ஊசி புடிச்ச கைன்னு மறச்சுட்டீங்களா? இன்னிக்கு நீங்க சொல்லணும். அது யாரு மேசைங்க?"

ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஹயாத் பாஷாவுக்கோ முகமெல்லாம் ரத்தம் ஏறிவிட்டது. கான் சாகிப் ஆகப்போகிறவரைப் பெண்டாட்டி ஊர் முன்னால் கேள்வி கேட்பதா? அவரும் தமிழுக்கே வந்துவிட்டார்.

"என் மேசடி! என்னுது! என் வூடு, என் செவுரு, என் மேச! கழட்டு!"

அது எல்லாருக்கும் கேட்டது. அக்தருக்கும் நன்றாகக் கேட்டது. அப்புறம் அவள் தஸ்பீஹ் மணியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். துப்பட்டியை எடுத்து மடித்தாள்.

"சரிங்க" என்றாள். "உங்க மேச."

எண்ணெய் போட்ட நட்டு. முதலாவது கைபட்டதுமே சுழன்று வந்துவிட்டது. இரண்டாவதில் கை வைத்தவள் நிறுத்தினாள். சுவரை ஒட்டி வாயை வைத்துக் கூப்பிட்டாள். "காளியா! செல்லா! அதுக்கு ரெண்டே காலுதான். நீங்க விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க. கால் மேல விழும்."

அதற்குள் ஹயாத் பாஷா கூடத்துக்குத் திரும்பிவிட்டிருந்தார். "என் மேச எனக்குத் தெரியாதா? அது தன்னால நிக்கும்! இழுங்கடா!"

இரண்டு பேரும் முழு பலத்தையும் போட்டு இழுத்தார்கள். அக்தர் நட்டைக் கடைசிச் சுற்று சுற்றினாள். இரும்பு முனைகள் இரண்டும் அவள் கண்ணெதிரே சுவருக்குள் சரக்கென்று ஓடி மறைந்தன. பிடிப்பு விட்ட வேகத்தில் செல்லன் மல்லாந்து விழுந்தான். காளியனுக்கு அக்தர் சொன்னது காதில் இருந்தது, துள்ளி விலகினான். மேசை சுவரைவிட்டு வந்தது, ஒரு கணம் நின்றது, ஹயாத் பாஷா "பாத்தீங்களா" என்று வாயைத் திறந்தார், அது குப்புற விழுந்தது. சலவைக்கல் துரைசானியின் பாதத்துக்கு முன்னால் இரண்டாகப் பிளந்தது. ஒரு கால் முறிந்து துரையின் நாற்காலிக்கு அடியில் ஓடியது.

துரைசானி அலறினாள். துரை தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். தூக்கப்போகிற மேசை என்பதால் அதை மடியிலேயே வைத்திருந்தார். கார் கிளம்பிப் போன சத்தம் அக்தருக்குக் கேட்டது. பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் ரயில் வருகிறது என்று சொன்னார். அந்த நேரத்துக்கு ரயில் எதுவும் கிடையாது.

ஹயாத் பாஷா மறுபடி வந்தபோது கதவு திறந்திருந்தது. அடிக்கத்தான் கை ஓங்கி வந்தார். அக்தர் நகரவில்லை. ஓங்கிய கையைப் பிடித்து விரித்து, இரண்டு நட்டையும் அதில் வைத்தாள்.

"உங்க மேச விழுந்துருச்சாமே" என்றாள். "எனக்கென்னங்க. என்னுதா இருந்தா அழலாம்."

அவர் நட்டு இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிட்டு வெளியே போனார்.

அவர் போனபிறகுதான் அழுதாள். அவர் பார்க்க அழக்கூடாது என்று அதுவரை அடக்கியிருந்தாள். அப்பா 'புடிச்சுக்கோ, புடிச்சுக்கோ' என்று கத்தியது காதிலேயே நின்றது. அப்பா, புடிச்சுக்க என் கைதான் அந்தப் பக்கம் இல்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழுது தீர்ந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, சின்னபொண்ணைக் கூப்பிட்டு, உடைந்த கல்லில் பெரிய பாதியைக் கூடத்திலிருந்து தூக்கிவரச் சொன்னாள்.

"ஒடஞ்சத எதுக்கும்மா வெச்சுக்கிட்டு?"

"மாவு தேய்க்க."

பட்டம் வரவில்லை. சண்டை வந்தது, அரிசிக்குப் பங்கீடு வந்தது, வீட்டில் தினமும் கோதுமை ரொட்டி ஆனது. அந்தப் பாதிக் கல் அடுப்படியில் தாழ்வான மணையின்மேல் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. கூடத்துச் சுவரில் இரண்டு துளை மட்டும் இருந்தது. ஹயாத் பாஷா அதை அடைக்கச் சொல்லவும் இல்லை, அதைப் பற்றிக் கதை சொல்லவும் இல்லை. அவளோடு பேச்சும் தேவைக்குத்தான். அவள் கோபம் ஆறிவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அது கல்லைப் போலவே ஜில்லென்று, அசையாமல் இருந்தது.

ஒருநாள் சித்தேரியிலிருந்து பழனியம்மாள் என்கிற தேன்காரி வந்தாள். மலையேறித் தேன் எடுப்பவள். புதுசாக வர ஆரம்பித்திருந்தாள். அடுப்படி வாசலில் குடத்தை இறக்கினாள். ஹயாத் பாஷா உள்ளே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே தேனை விரலில் தொட்டு ருசி பார்த்தார். அக்தர் கல்லில் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். பழனியம்மாள் கல்லையே பார்த்தாள்.

"ஏனுங்க சாமி, இந்த வெள்ளக் கல்லு அம்புட்டு வழவழன்னு இருக்குது? எங்கிருந்துங்க வந்துது?"

"அது வந்து..." என்று ஹயாத் பாஷா நிமிர்ந்தார். பழைய தோரணை முகத்தில் ஏறியது. கை தானாக உயர்ந்தது, நவாபைக் காட்டுவதற்கு.

அக்தரின் ரொட்டிக்கட்டை கல்லின்மேல் நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஹயாத் பாஷா கையை இறக்கினார். ரொட்டியைப் பிய்த்தார். வாயில் போடவில்லை.

"பெங்களூர்ல இருந்து வந்துது" என்றார். "இவங்கப்பா குடுத்தது. சுபான் சாகிப்னு பேரு. மெத்த தைக்கிறவரு. இது இவங்களுது."

அக்தர் கொஞ்சம் மாவைத் தூவிக்கொண்டு, அடுத்த உருண்டையை எடுத்துக் கல்லில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.